மண் கொண்டு சென்ற விருந்தினர்

வரலாற்றுச் சிறப்புடைய இடங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் பிறர் செய்த செயல்களின் சுவடுகளையே தேடிச் செல்கின்றனர். தாம் இளமையில் வாளேந்தி நின்ற இடத்தை, முதுமையில் ஊரார் வரலாற்றுச் சின்னமெனச் சுட்டிக்காட்ட, தாமே விருந்தினராகச் சென்று காணும் பேறு மிகச் சிலருக்கே வாய்த்திருக்கிறது. பிரான்சு நாட்டுத் தளபதி லஃபாயெத் அச்சிலருள் முதன்மையானவர். 1824ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் 1825 செப்டம்பர் வரை அவர் அமெரிக்க நாட்டின் பழைய நகரங்கள் ஊடே மேற்கொண்ட பயணம், அந்நகரங்கள் தம் பழமையைத் தாமே திரும்பிப் பார்க்கக் காரணமாயிற்று. எவற்றை நினைவில் வைப்பது, எவற்றைப் பாராதது போல் கடந்து செல்வது என்னும் வழக்கும் அப்போதே வேர் கொண்டது. அவரோ கடந்து செல்லாமல் நின்று பார்த்தவர்.

கில்பெர் து மோத்தியே என்பது அவர்தம் இயற்பெயர். லஃபாயெத் குடும்பப் பட்டம். 1757 செப்டம்பர் 6ஆம் நாள், ஓவர்ன் மலைநாட்டில் சவன்யாக் என்னும் சிற்றூரின் பழங்கோட்டையில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தை மிண்டன் போரில் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். 1770இல் தாயும், அடுத்த சில வாரங்களில் தாயைப் பெற்ற பாட்டனாரும் மறைந்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரே வேளையில் பெருஞ்செல்வனும் ஆனான், யாருமற்றவனும் ஆனான். 1774இல், தம் பதினாறாம் வயதில், அரசவையில் செல்வாக்கு மிகுந்த நுவாய் குடும்பத்து அத்ரியேனை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதினான்கு.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு விருந்து. 1775 ஆகஸ்டில் மெட்சு நகரப் படைமுகாமில் இருந்தபோது, ஆங்கில மன்னரின் தம்பியாகிய குளோஸ்டர் கோமகன் அங்கு வந்தார். தம் அண்ணனின் ஆட்சிக்கு எதிராக அமெரிக்கக் குடியேறிகள் கிளர்ந்தெழுந்த செய்தியை அவர் உணவு மேசையில் பரிவோடு பேசினார். அவ்வாண்டு ஜூன் 17 அன்றுதான் பாஸ்டனை அடுத்த பங்கர் குன்றில் உழவரும் கைவினைஞரும் பயிற்சி பெற்ற படையை எதிர்த்து நின்றிருந்தனர். அவ்விரவு கேட்ட பேச்சு அந்த இளைஞரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மன்னரின் தடையையும் மாமனாரின் சினத்தையும் பொருட்படுத்தாமல், தம் பணத்தில் ஒரு கப்பலை வாங்கி, அதற்கு வெற்றி என்று பொருள்படும் விக்துவார் என்னும் பெயர் சூட்டி, 1777இல் ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்பட்டார். கருவுற்றிருந்த மனைவியிடம் நேரில் விடைபெறவும் இல்லை. இக்குறையை அவர் வாழ்நாள் முழுதும் உணர்ந்திருந்தார் எனலாம்.

1777 ஜூன் 13ஆம் நாள் இரவு, தென் கரோலினக் கடற்கரையில் ஜார்ஜ்டவுன் ஊர்ப்பக்கம் அவர் தரையிறங்கினார். இருளில் வழி தெரியாமல் நின்றவர்களை எதிர்ப்பட்டது ஒரு சிறு படகு. அதில் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஹூஜர் என்னும் நிலக்கிழாரின் கறுப்பின அடிமைகள். அவர்களே அவரைத் தம் உடையவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். விடுதலைப் போருக்கென்று கடல் கடந்து வந்தவருக்கு அம்மண்ணில் முதலில் வழிகாட்டியவர்கள் விடுதலை இல்லாதவர்கள். பத்தொன்பது வயது இளைஞருக்கு அன்று அது உறைத்ததாகத் தெரியவில்லை. அவ்வீட்டில் பிரான்சிஸ் என்னும் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மீண்டும் வரும்.

சார்லஸ்டனிலிருந்து பிலடெல்பியா வரை ஏறக்குறைய தொள்ளாயிரம் மைல். வண்டிகள் உடைந்தன, குதிரைகள் வீழ்ந்தன, உடன் வந்தோர் காய்ச்சலில் வாடினர். ஒரு திங்களுக்கு மேல் அலைந்து பிலடெல்பியா அரசு மாளிகையின் வாயிலை அடைந்தபோது, மக்களவையினர் அவரை உள்ளேயும் அழைக்கவில்லை. லவல் என்னும் உறுப்பினர் வெளியே வந்து, தெருவில் நின்றபடியே, பிரெஞ்சு வீரர்கள் தேவையில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார். பட்டம் தேடிவரும் வெளிநாட்டாரால் அம்மக்களவை சலித்திருந்தது. ஊதியம் வேண்டா, சாதாரணத் தொண்டனாகவே சேர்கிறேன் என்று லஃபாயெத் எழுதிக் கொடுத்த பின்னரே கதவு திறந்தது. ஜூலை 31 அன்று அவருக்குத் தளபதிப் பட்டம் வழங்கப்பட்டது. அத்தெருவையும் அவ்வாயிலையும் மனத்திற்கொள்வது நல்லது. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து அவர் அங்கே திரும்பி வருவார்.

போர்க்கதை பலரும் அறிந்தது. செப்டம்பர் 11 அன்று பிராண்டிவைன் ஆற்றங்கரைப் போரில் காலில் குண்டு பாய்ந்தது. வேலி ஃபோர்ஜ் பனிக்காலக் கொடுமையை வீரர்களோடு வீரராகத் தாங்கினார். தந்தையைக் காணாத அவருக்கும் மக்கட்பேறில்லாத வாஷிங்டனுக்கும் இடையே தந்தை மகன் உறவே மலர்ந்தது. 1781இல் வர்ஜீனியாவில் சிறுபடையோடு கார்ன்வாலிஸ் பிரபுவைப் பின்தொடர்ந்து, யார்க்டவுனில் முடக்குவதற்குத் துணைநின்றார். அக்டோபர் 19 அன்று ஆங்கிலப் படை சரணடைந்தது. உடல்நலமில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கும் இழிவைத் தம் துணைத்தளபதிக்கு விட்டுவிட்ட அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவுக்கு ஆளுநராக வந்தார். 1792இல் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானின் இரு மைந்தரைப் பிணையாகப் பெற்றார். பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கும்பினி ஆட்சிக்குள் கொணர்ந்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் அவர் சிலையின் பீடத்தில் அம்மைந்தர் ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. யார்க்டவுனுக்கு அங்கே இடமில்லை. சிலைகளும் தமக்கு வேண்டியவற்றையே நினைவில் கொள்கின்றன.

யார்க்டவுன் வெற்றியில் படைப்பட்டியலில் இடம்பெறாத ஒருவரின் பங்கு உண்டு. வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமையாக இருந்த ஜேம்ஸ், லஃபாயெத்தின் ஒற்றராகக் கார்ன்வாலிஸின் முகாமில் பணியாளாய்ப் புகுந்து, செய்திகளை உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்தவர். போர் முடிந்தபின் படைவீரராகப் பணியாற்றிய அடிமைகளுக்கு விடுதலை தர வர்ஜீனியாவில் சட்டம் வந்தது. ஒற்றர் வீரர் அல்லர் என்பதால் அச்சட்டம் ஜேம்ஸைத் தொடவில்லை. 1784இல் அமெரிக்கா சென்றிருந்த லஃபாயெத், அவர்தம் பணியின் சிறப்பைச் சான்றுரைத்துத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். அத்தாளோடு மனுச் செய்து, 1787இல் ஜேம்ஸ் விடுதலை பெற்றார். பின் தம் பெயரை ஜேம்ஸ் லஃபாயெத் என்று அமைத்துக்கொண்டார்.

அடிமைமுறை பற்றிய உறுத்தல் அப்போதே லஃபாயெத்தின் உள்ளத்தில் இறங்கிவிட்டது. 1783இல் வாஷிங்டனுக்கு எழுதிய மடலில், இருவரும் சேர்ந்து ஒரு சிறு பண்ணை வாங்கி, அடிமைகளைக் குத்தகை உழவராக்கிப் பார்க்கலாம் என்று வேண்டினார். வாஷிங்டன் பாராட்டினார், பங்கு கொள்ளவில்லை. லஃபாயெத் தாமே 1785இல் தென் அமெரிக்காவின் கயேன் பகுதியில் பண்ணை வாங்கினார். அங்கே வேலைக்கு ஊதியம் உண்டு, ஆளை விற்பது கூடாது, படிப்படியாக விடுதலை. அத்ரியேன் அம்மையாரே அதன் நிருவாகத்தை முன்னின்று கவனித்தார். ஆனால் பிரெஞ்சுப் புரட்சியின் சூறாவளியில் அவர்தம் சொத்துகள் பறிமுதலானபோது அப்பண்ணையும் ஆட்களோடு விற்கப்பட்டது. விடுதலை செய்வதற்கென்று வாங்கியவர்கள் விற்பனைப் பொருளானார்கள். நல்லெண்ணம் உரிமைப் பத்திரமாக மாறாதவரை அதற்கு இந்த ஆபத்து உண்டு. இக்குறையை அவர்தம் வாழ்க்கையை எழுதுவோர் மறைக்கலாகாது.

புரட்சிக்காலச் செய்திகளை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1789 ஜூலை 11 அன்று மனித உரிமைச் சாற்றுரையின் முதல் வரைவை முன்வைத்தவர் அவரே. இடிக்கப்பட்ட பஸ்தீல் சிறையின் சாவியை வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். 1792இல் தீவிரவாதிகள் கை ஓங்கியபோது எல்லை கடந்தவர் எதிரிகளிடம் பிடிபட்டு ஐந்து ஆண்டுகள் சிறையில் வாடினார். ஆஸ்திரியப் பேரரசின் ஓல்முட்ஸ் கோட்டையில் அவரைக் காப்பாற்ற 1794இல் இருவர் துணிந்தனர். போல்மன் என்னும் மருத்துவர் ஒருவர். மற்றவர் தென் கரோலினத்தின் பிரான்சிஸ் ஹூஜர், அன்று மூன்று வயதில் அவரைக் கண்ட அதே சிறுவர். குதிரை ஏற்றி விட்டாயிற்று. எந்த ஊருக்குச் செல்ல வேண்டும் என்று ஹூஜர் கூவிய ஊர்ப்பெயர், போய்விடு என்னும் ஆங்கிலச் சொல்லாக லஃபாயெத்தின் காதில் விழ, அவர் வேறு பாதையில் சென்று மீண்டும் பிடிபட்டார் என்பர். ஒரு சொல்லின் ஓசை மூன்று ஆண்டுச் சிறையை நீட்டித்தது.

அவ்வாண்டு ஜூலை 22 அன்று அத்ரியேனின் பாட்டியார், தாயார், தமக்கையார் மூவரும் பாரிஸில் ஒரே நாளில் கில்லட்டினுக்கு இரையாயினர். அம்மையார் உயிர்தப்பி, மகனை அமெரிக்காவுக்கு வாஷிங்டனின் பாதுகாப்பில் அனுப்பிவிட்டு, 1795இல் இரு பெண்மக்களோடு ஓல்முட்ஸ் சென்று கணவரின் சிறையறையிலேயே தாமும் அடைபட்டார். அச்சிறையில் கெட்ட உடல்நலம் தேறவேயில்லை. 1807 கிறிஸ்துமஸ் முன்னாளில் மறைந்தார். லஃபாயெத் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1824இல் குடியரசுத் தலைவர் மன்ரோ அவரை நாட்டின் விருந்தினராக அழைத்தார். போர்க்கப்பல் அனுப்புவதாகச் சொன்னதை மறுத்து, கேட்மஸ் என்னும் வணிகக் கப்பலில் வந்தார். உடன் வந்தோர் வாஷிங்டன் பெயர் தாங்கிய மகன் ஜார்ஜும், செயலர் லெவாசரும், பணியாளர் ஒருவரும். ஆகஸ்டு 16 அன்று நியூயார்க்கில் கால்வைத்தபோது பல்லாயிரவர் திரண்டனர். நான்கு திங்களில் பழைய பதின்மூன்று மாநிலங்களையும் பார்த்துத் திரும்புவது என்ற திட்டம், இருபத்துநான்கு மாநிலங்களையும் சுற்றிவரும் ஓராண்டுக்கு மேற்பட்ட பயணமாயிற்று. அவர் காலைச் சிறிது சாய்த்து நடந்தார். பிராண்டிவைன் புண் என்று கண்டவர் உருகியிருக்கக்கூடும். உண்மையில் அது 1803இல் பாரிஸில் பனித்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததன் விளைவு.

ஆகஸ்டு 24 அன்று பாஸ்டன். அங்கிருந்து குவின்சி சென்று, எண்பத்தெட்டு வயது ஜான் ஆடம்ஸோடு உணவருந்தினார். நியூயார்க்குக்கு மீண்டபின், செப்டம்பர் 10 அன்று, எல்லாரும் எதிர்பாராத ஓர் இடத்தையும் பார்வையிட்டார்: கறுப்பினச் சிறுவர் பயிலும் ஆப்பிரிக்க இலவசப் பள்ளி. அவரை வரவேற்றுப் பேசிய பதினோரு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் மக்யூன் ஸ்மித் சட்டப்படி இன்னும் அடிமை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றும் ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்றுதான். அச்சிறுவன் பிற்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1837இல் மருத்துவப் பட்டம் பெற்றான். அமெரிக்கக் கறுப்பினத்தவருள் அப்பட்டம் பெற்ற முதல்வன் அவனே. அழைப்பு விருந்துகளால் நிரம்பிய நாட்களில் அப்பள்ளிக்கு ஒரு பொழுதை ஒதுக்கியது அவராகவே விரும்பிச் செய்தது.

செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியா. 1776இல் விடுதலைச் சாற்றுரை ஏற்கப்பட்டதும், 1787இல் அரசியல் சட்டம் வரையப்பட்டதும் நிகழ்ந்த அரசு மாளிகையை அந்நகரத்தார் ஏறத்தாழ மறந்தே போயிருந்தனர். மாநிலத் தலைநகர் 1799இல் இடம்மாறியது. மறு ஆண்டு நாட்டின் தலைநகரும் மாறியது. மேல்மாடியில் பீல் என்னும் ஓவியரின் அருங்காட்சியகம் இருந்தது. நிலத்தை மனைகளாக்கி விற்கவும் மாநில அரசு எண்ணியது. 1816இல் நகராட்சி 70,000 டாலர் கொடுத்து வாங்கியிராவிடில் அக்கட்டடம் நின்றிராது. வாங்கிய அவ்வாண்டிலேயே சாற்றுரை ஏற்கப்பட்ட அறையின் பழைய மரப்பலகைச் சுவர்வேலைப்பாடு பெயர்த்தெடுக்கப்பட்டதும் உண்மை. பழமை என்பது அவர்களுக்கு அப்போது வெறும் பழசு.

லஃபாயெத் வருகிறார் என்றவுடன் நிலைமை மாறியது. கட்டடத்தின் முன் ஸ்ட்ரிக்லண்ட் என்னும் கட்டடக் கலைஞர் உரோமானிய வளைவொன்றைப் பார்த்து மாபெரும் வரவேற்பு வளைவு எழுப்பினார். அறையைப் புதுக்கி அணிசெய்தனர். எந்தத் தெருவில் 1777இல் அவர் உள்ளே விடப்படாமல் நின்றாரோ, அந்தத் தெரு முழுவதும் மக்கள் வெள்ளம். வளைவைக் கடந்து, அதே வாயில் வழியே, அதே அறைக்குள் நகரத் தலைவர் அவரை அழைத்துச் சென்றார். அதன்பின் அவ்வறைக்கு விடுதலை மன்றம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. நாளடைவில் கட்டடம் முழுமைக்கும் அப்பெயரே ஆயிற்று. 1828இல் ஸ்ட்ரிக்லண்டைக் கொண்டே கோபுரத்தைப் பழைய வடிவில் எழுப்பினர். பழங்கட்டடத்தைப் பாதுகாக்கும் பழக்கம் அந்நாட்டில் இங்கே தொடங்கியது என்று கூறுவது மிகையாகாது. அம்மாளிகையின் பழைய மணிக்கு விடுதலை மணி என்ற பெயரைப் பரப்பியோர் நகரப் பெரியோர் அல்லர். 1830களில் அடிமை ஒழிப்பு இயக்கத்தாரே அப்பெயரை எடுத்தாண்டனர். கட்டடத்துக்குப் பெயர் விருந்தினரால் வந்தது. மணிக்குப் பெயர், விருந்துக்கு அழைக்கப்படாதோரின் பொருட்டு வந்தது.

அக்டோபர் 17 அன்று மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனின் கல்லறைக்குள் லஃபாயெத் முதலில் தனியே இறங்கினார். சற்று நேரம் கழித்து, கண்கள் கலங்க மேலேறி வந்து, மகனையும் செயலரையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். மாளிகையில் பஸ்தீல் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. தம் சிறுபருவத்தில் அங்கே அடைக்கலம் பெற்றிருந்த ஜார்ஜுக்கு வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். இரண்டு நாள் கழித்து யார்க்டவுன். பழைய முற்றுகையின் குண்டுத் தழும்புகளைச் சுமந்த வீடுகள் பாழடைந்து நின்றன. ஒரு வீட்டு நிலவறையில் கார்ன்வாலிஸ் படையின் இருப்பிலிருந்து எஞ்சிய மெழுகுவத்திப் பெட்டி கிடைத்தது என்றும், நாற்பத்துமூன்று ஆண்டுக்குப்பின் அவற்றை ஏற்றி அவ்விரவைக் கொண்டாடினர் என்றும் லெவாசர் எழுதியிருக்கிறார்.

அதே பயணத்தில் ரிச்மண்டில் நிகழ்ந்தது வரவேற்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. திரண்டிருந்த கூட்டத்தில் ஒரு முதிய கறுப்பின மனிதரைக் கண்ட லஃபாயெத், பெயர் சொல்லி அழைத்து, அருகே சென்று தழுவிக்கொண்டார். அவர் ஜேம்ஸ் லஃபாயெத். 1819 முதல்தான் ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்து வந்தது. அடிமைகள் நிறைந்த ஒரு தலைநகரில், ஆளுநரும் பிரபுக்களும் காண, விருந்தினர் ஊர்தியை விட்டு ஒரு பழைய அடிமையைத் தழுவியது சிறு செயல்தான். ஆயினும் அங்கிருந்தோர் அதனைச் செய்தித்தாளில் எழுதும் அளவுக்கு வியந்தனர்.

நவம்பர் 4 அன்று மான்டிசெல்லோ. ஜெஃபர்சனுக்கு வயது எண்பத்தொன்று. இருவரும் கண்டு முப்பத்தைந்து ஆண்டு. தள்ளாடும் முதியவர் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் விரைந்து தழுவி அழுதனர். சூழ்ந்து நின்றோரும் பேச்சற்று நின்றனர். பலரும் வருணித்துள்ள காட்சி இது. ஆனால் அடுத்த நாட்களில் வண்டியில் நடந்த உரையாடலை வேறொருவர் பதிவுசெய்தார். வண்டி செலுத்திய இஸ்ரேல் என்னும் அடிமைதான் அவர். எந்த மனிதனும் தன் உடன்பிறப்பான மற்றொரு மனிதனை உடைமையாகக் கொள்ள உரிமையில்லை என்றும், மனித இனத்தின் விடுதலைக்கு என்று நம்பியே தாம் வந்து போரிட்டதாகவும், ஒரு பகுதியினர் இன்னும் தளையில் இருப்பது தமக்குத் துயரம் தருவதாகவும் லஃபாயெத் சொன்னாராம். அடிமைகள் விடுதலை பெறும் காலம் வரும் என்று ஜெஃபர்சன் இசைந்தார். எப்போது, எவ்வாறு என்று சொல்லவில்லை. அவர்களுக்குப் படிக்கவேனும் கற்பிக்க வேண்டும் என்று விருந்தினர் வற்புறுத்தினார். குதிரைமேல் இருந்தவர் முன்னே பார்த்தபடி ஒவ்வொரு சொல்லையும் நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் மறைந்தார். கடனை அடைக்க அவர்தம் அடிமைகள் ஏலமிடப்பட்டனர். விற்கப்பட்டவர்களுள் இஸ்ரேலும் ஒருவர். பின்னர் விடுதலை பெற்று ஒஹையோ மாநிலத்தில் குடியேறி, 1873இல், எழுபது வயதைக் கடந்தபின், அவ்வுரையாடலை ஒரு செய்தித்தாளுக்குச் சொன்னார். அரை நூற்றாண்டு அவர் அதைக் காத்து வைத்திருந்தார். அப்பயணத்தைப் பற்றிய ஆவணங்களுள் இதனினும் மதிப்பு வாய்ந்தது வேறில்லை.

பொதுமேடைகளில் லஃபாயெத் இத்தனை வெளிப்படையாகப் பேசவில்லை. விருந்தினர் வீட்டுக்காரரைக் கடிந்துரைப்பது முறையன்று என்று கருதியிருக்கலாம். பேசியிருந்தால், அவர் பெயருக்கு அன்று இருந்த ஆற்றலில், தென்னகத்தின் சில மனச்சான்றுகளாவது அசைந்திருக்கும் என்று குறைகாண்போர் உண்டு. அக்குறையை முற்றும் தள்ள இயலாது. தாம் நிறுவத் துணைநின்ற நாடு அடிமைகளின் நாடாகும் என்று தெரிந்திருந்தால் வாளை உருவியே இருக்கமாட்டேன் என்று அவர் தம்மிடம் கூறியதாக ஆங்கில அடிமை ஒழிப்பாளர் கிளார்க்சன் பிற்காலத்தில் எழுதினார். அச்சொல் தனியறையில் சொல்லப்பட்டது.

1825 வசந்தத்தில் தெற்கே சென்றார். கேம்டன் நகரில், தம்மோடு விக்துவார் கப்பலில் வந்து அவ்வூர்ப் போரில் மாண்ட து கால்பு தளபதியின் நினைவுத்தூணுக்கு அடிக்கல் நாட்டினார். சவன்னாவிலும் தம் பழைய தோழர்க்கு அவ்வாறே செய்தார். சார்லஸ்டனில் அவருடன் ஒரே ஊர்தியில் அமர்ந்து வந்தவர் பிரான்சிஸ் ஹூஜர். மூன்று வயதில் வீட்டு வாயிலில் கண்டவர், இருபத்தொன்றில் சிறை வாயிலில் கண்டவர், இப்போது ஐம்பதைக் கடந்து அருகிருந்தார். மூன்று ஆண்டுக்கு முன்புதான், 1822இல், அந்நகரத்தில் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டி டென்மார்க் வெசியையும் உடன் முப்பத்துநால்வரையும் தூக்கிலிட்டிருந்தனர். வரவேற்பு வளைவுகளில் விடுதலையைப் புகழ்ந்த அதே நகரம் அது. நியூ ஆர்லியன்சில், 1815 போரில் நகரைக் காத்த விடுதலை பெற்ற கறுப்பின வீரர்களைத் தனியே வரவேற்று, ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்.

மே 8ஆம் நாள் நள்ளிரவில் ஒஹையோ ஆற்றில் அவர் சென்ற நீராவிப் படகு மூழ்கியது. உயிர்ச்சேதமில்லை, ஊர்தியும் பெட்டிகளும் கடிதங்களும் ஆற்றோடு போயின. அறுபத்தேழு வயதுக் கிழவர் இரவெல்லாம் மழையில் கரையில் கிடந்து, காலையில் வேறு படகு ஏறிப் பயணத்தைத் தொடர்ந்தார். பங்கர் குன்றுக்கு ஜூன் 17 அன்று வந்து சேர்வதாக வாக்களித்திருந்தார். ஐம்பதாம் ஆண்டு விழா. வாக்கு தவறவில்லை. டேனியல் வெப்ஸ்டர் பேருரையாற்ற, நினைவுத்தூணின் அடிக்கல்லுக்கு லஃபாயெத் சாந்து பூசினார். அமர்வதற்கு உயர் இருக்கை காத்திருக்க, எஞ்சியிருந்த முதிய வீரர்களோடு போய் அமர்ந்துகொண்டார். 221 அடி உயரக் கருங்கல் தூண் 1843இல்தான் முற்றுப்பெற்றது. அக்குன்றில் அவர் போரிட்டதில்லை. மெட்சு நகர விருந்தில் அவர் கேட்ட கிளர்ச்சியின் குன்று அது. அங்கிருந்து ஒரு பெட்டி மண்ணை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 4 அன்று புரூக்ளினில் கைத்தொழில் பயில்வோருக்கான நூலகத்துக்கு அடிக்கல். கட்டடத்துக்கெனத் தோண்டிய குழிகளின் ஓரத்தில் சிறுவர்கள் நெருக்கிநின்றனர். அவர்களைத் தூக்கிப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட உதவிய முதியவரின் கைகளில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருகணம் இருந்தான். தச்சர் மகனாகிய வால்ட் விட்மன் அவன். அவ்வணைப்பைப் பின்னாளில் பலமுறை எழுதினார். முதுமையிலும் அதனைத் தம் வாழ்வின் பேறாகவே கருதினார். கவிஞர்களுக்கு இச்செய்தி இனிக்கும்.

அவ்வாண்டு செப்டம்பரில், தாம் முதற்புண் பெற்ற ஆற்றின் பெயர் சூட்டப்பட்ட பிராண்டிவைன் என்னும் போர்க்கப்பலில் தாயகம் திரும்பினார். மக்களவை நன்றிக்கடனாக 200,000 டாலரும் நிலமும் அளித்திருந்தது. 1834 மே 20 அன்று பாரிஸில் மறைந்தார். பிக்பூஸ் கல்லறைத் தோட்டத்தில், அத்ரியேனின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அத்தோட்டத்தின் மதிலுக்கப்பால்தான் அம்மையாரின் தாயும் தமக்கையும் பாட்டியும் உள்ளிட்ட 1,306 பேர், 1794இல் தலை துணிக்கப்பட்டு, இரு பெருங்குழிகளில் பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். குழியில் பெட்டியை இறக்கியபின், மகன் ஜார்ஜ், பங்கர் குன்றிலிருந்து கடல் கடந்து வந்த மண்ணை அதன்மேல் தூவினார்.